இருபத்து மூன்று சில்லுகள்

என் நாத்தனாரின் பெயரை இங்கே எங்கும் எழுதப் போவதில்லை. அவர் உயிரோடு இருந்தவரை நான் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே கிடையாது. வீட்டுக்காரரின் மூத்த அக்காவைப் பெயர் சொல்லும் வழக்கம் எங்கள் வீடுகளில் இல்லை. ஆனால் ஒரே ஒரு நாள், ராயபுரத்தில் ஒரு கடலைக் கிடங்கில், கோணி மூட்டைகளுக்குப் பின்னால் குந்திக்கொண்டு, உடைந்த பானைச் சில்லுகளின் மேல் அடுப்புக்கரியால் அந்தப் பெயரை இருபத்து மூன்று முறை எழுதினேன். சில்லின் வெளிப்பக்கம் தண்ணீர் பட்டுப் பட்டு வழவழப்பாகக் கிடந்தது, கரி பிடிக்கவில்லை. உள்பக்கம்தான் சொரசொரப்பாக இருந்தது. இரண்டாவது சில்லிலேயே அது எனக்குப் பிடிபட்டுவிட்டது. அப்புறம் தடங்கல் இல்லாமல் எழுதினேன்.

இத்தனை வருஷம் கழித்து இதைச் சொல்ல வைத்தது பக்கத்து வீட்டுப் பெண். ஏதோ அரசாங்கப் பரீட்சைக்குப் படிக்கிறாள். எங்கள் வாசலில்தான் காற்று வருகிறது என்று புத்தகத்தை எடுத்துக்கொண்டு வந்து சத்தம் போட்டுப் படிப்பாள். ஒரு நாள் கிரேக்க தேசத்து ஏதென்ஸ் நகரத்தைப் பற்றிப் படித்தாள். அந்த ஊரில் யாராவது ஒருவன் அளவுக்கு மீறிப் பெரியவனாகிவிட்டான் என்று ஜனங்களுக்குத் தோன்றினால், பானைச் சில்லில் அவன் பெயரை எழுதிப் போட்டு ஊரை விட்டு அனுப்பிவிடுவார்களாம். ஒரு பழங்கிணற்றைத் தோண்டியபோது அப்படிப்பட்ட சில்லுகள் குவியலாகக் கிடைத்தனவாம். அத்தனையிலும் ஒரே ஆளின் பெயர். ஆனால் எழுதிய கைகள் பத்துப் பதினைந்துதானாம். "பாட்டி, அந்தக் காலத்துலயே எப்படி சதி பண்ணியிருக்காங்க பாருங்க" என்று சிரித்தாள். எனக்குச் சுருக்கென்றது. சதியாகவே இருக்கலாம். எழுதத் தெரியாதவர்கள் நடுவில் எழுதத் தெரிந்த ஒருத்தி உட்கார்ந்திருந்தாலும் அப்படித்தான் ஆகும் என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லவில்லை. சொல்ல வேண்டியதைச் சொல்லாமல் விழுங்குவது எனக்குச் சின்ன வயதிலிருந்தே கைவந்த வேலை. அதனால் எழுதுகிறேன். ஐந்தாம் வகுப்போடு நின்ற படிப்பு. பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எனக்குக் கல்யாணமான புதிது அது. வீட்டுக்காரருக்குத் துறைமுகத்தில் வேலை. நாத்தனாரின் புருஷன் யுத்தத்துக்கு முன்னால் பர்மாவுக்குக் கப்பலேறியவர், திரும்பி வரவில்லை. அவர் இருக்கிறாரா இல்லையா என்று யாருக்கும் தெரியாததால் நாத்தனார் பொட்டை அழிக்கவும் இல்லை, பூ வைக்கவும் இல்லை. தம்பி வீட்டில், அதாவது எங்கள் ஒற்றை அறை வீட்டில், எங்களோடு இருந்தார். விடிந்ததும் கிடங்குக்குப் போய்விடுவார். கல்யாணமான மூன்றாம் மாதம் என்னையும் கூட்டிக்கொண்டு போனார். தெற்கேயிருந்து வந்து வியாபாரம் செய்த ஒரு முதலாளியின் கிடங்கு அது. கப்பலில் ஏற்றுவதற்கு முன்னால் வேர்க்கடலையைத் தரையில் பரப்பிக் கல், மண், சொத்தை, சூம்பல் எல்லாவற்றையும் பொறுக்கி எடுக்க வேண்டும். நாற்பது நாற்பத்தைந்து பெண்கள் வரிசை வரிசையாக முறத்தோடு உட்கார்ந்திருப்போம். கடலைத்தோல் பறந்து மூக்கிலும் தொண்டையிலும் ஏறும். கைக்கு ஓயாத வேலை, காதுக்கும் வாய்க்கும் ஒன்றும் கிடையாது. அதனால் சண்டைக்குக் குறைவே இல்லை.

சாம்பிள் கடலை மடித்து அனுப்புவதற்காகப் பழைய காகிதம் எடைக்கு வாங்கிப் போட்டிருப்பார்கள். அதிலிருந்து ஒரு நாள் அட்டை இல்லாத ஒரு புத்தகத்தை நாத்தனார் உருவி எடுத்தார். அவருக்கு ஒரு எழுத்தும் தெரியாது. உள்ளே ஒரு சிப்பாய் படம் இருந்தது. இரும்புத் தொப்பி, தொப்பியின் மேல் குதிரை மயிர். "இன்னாடா இது, தலைல தொடப்பக்கட்டைய சொருவிக்கினு நிக்கறான்" என்று சிரித்துவிட்டு என் மடியில் போட்டார். "படி. உன் மொறத்தையும் சேத்து நான் பொறுக்கறேன்." நாலு பேர் இருக்கும் இடத்தில் தண்ணீர் வேண்டும் என்று கேட்கக்கூட வாய் வராதவள் நான். ஆனால் படிக்க ஆரம்பித்தபோது ஒன்று புரிந்தது. புத்தகத்தைப் படிக்கும்போது பேசுவது நானில்லை. குனிந்த தலை நிமிரவே வேண்டாம். என் குரல் அந்தக் கிடங்கின் கடைசி வரிசை வரைக்கும் போகும் என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். அதைக் கண்டுபிடித்துக் கொடுத்தவர் நாத்தனார். இதை மறந்துவிட்டு மற்றதைச் சொன்னால் பாவம்.

அது கிரேக்க தேசத்தின் கதை. மாதக்கணக்கில் படித்தேன். ஏதென்ஸ் எங்களுக்குக் காசிமேடு மாதிரி பழக்கப்பட்ட ஊராகிவிட்டது. அதுவும் துறைமுகம் வைத்துப் பிழைத்த ஊர்தான். கடல் தாண்டி வரும் தானியம் இல்லையென்றால் அங்கே அடுப்பெரியாது. அங்கே கப்பலில் துடுப்பு வலித்தவர்கள் பரம ஏழைகள். அவர்கள் இல்லாமல் சண்டை ஜெயிக்காது என்பதால் ஊர்ச் சபையில் அவர்களுக்கும் பேச இடம் கொடுத்தார்கள் என்று படித்தபோது நாத்தனார் முறத்தைத் தட்டினார். "கேட்டுக்கங்கடி. தள்றவனுக்குப் பேச்சு குடுத்துக்கீறான் பாரு." வழக்கு விசாரிக்கும் இடத்தில் ஆள் ஆளுக்குப் பேசிக்கொண்டே போகாமல் இருக்க, அடியில் ஓட்டை போட்ட பானையில் தண்ணீர் ஊற்றி வைப்பார்களாம், தண்ணீர் வடிந்ததும் பேச்சை நிறுத்த வேண்டுமாம். "நம்ம மேஸ்திரிக்கு ஒண்ணு வாங்கியாரணும்" என்றாள் ஒருத்தி. "அந்தாளுக்கு செங்குன்றம் ஏரியே பத்தாதுமே" என்றாள் இன்னொருத்தி. பெண்களுக்கும் அடிமைகளுக்கும் அந்த ஊர்ச் சபையில் இடம் கிடையாது என்ற வரியும் வந்தது. நாத்தனார் முறத்தைப் புடைத்துக்கொண்டே சொன்னார்: "அப்ப நாம அங்க பொறந்திருந்தாலும் மொறந்தான்."

சில்லு போடும் கதையும் அதில்தான் வந்தது. வருஷத்துக்கு ஒரு முறை ஜனங்கள் சந்தை மைதானத்தில் கூடி, வேண்டாதவன் பெயரைச் சில்லில் கீறிக் கவிழ்த்துப் போட்டுவிட்டுப் போவார்கள். குற்றம் என்று ஒன்று சாட்ட வேண்டாம். சாட்சி வேண்டாம். யார் எழுதினார்கள் என்று தெரியாது. அதிகச் சில்லு விழுந்தவன் பத்து நாளில் ஊரை விட்டுப் போய்விட வேண்டும். பத்து வருஷம் கழித்துத் திரும்பி வரலாம். அதுவரை அவன் வீட்டையும் நிலத்தையும் யாரும் தொடக்கூடாது. வந்த பிறகு முன்போலவே மதிப்பு உண்டு. நேர்மையானவன் என்று பெயரெடுத்த ஒருவனையும் அப்படி அனுப்பினார்களாம். எழுதத் தெரியாத ஒரு குடியானவன் இவன்தான் அவன் என்று தெரியாமல் அவனிடமே வந்து, அவன் பெயரைச் சில்லில் எழுதித் தரச் சொன்னானாம். உனக்கு அவன் என்ன கெடுதல் செய்தான் என்று கேட்டதற்கு, ஒன்றுமில்லை, எங்கே பார்த்தாலும் நேர்மையானவன் நேர்மையானவன் என்று சொல்லிக்கொண்டிருப்பதைக் கேட்டுச் சலித்துவிட்டது என்றானாம். அவனும் மறுபேச்சில்லாமல் எழுதிக் கொடுத்தானாம். நாத்தனாருக்கு அது பிடிக்கவே இல்லை. "நானாயிருந்தா அந்தச் சில்லாலயே அவன் மண்டைல ஒண்ணு போட்டிருப்பேன்." எல்லாரும் சிரித்தோம். சிரித்தவர்களில் எத்தனை பேர் மனசுக்குள் அந்தக் குடியானவன் பக்கம் என்று எனக்கு அப்போது தெரியாது.

ஏனென்றால் எங்கள் கிடங்கிலும் அப்படி நேர்மைக்குப் பெயரெடுத்த ஓர் ஆள் இருந்தது. அது நாத்தனார்தான். முன்பெல்லாம் தாகத்துக்குத் தெருக்குழாய் வரை ஓட வேண்டும், போய் வந்தால் மேஸ்திரி திட்டுவான். முதலாளி வந்த நேரத்தில் நேராக அவர் முன்னால் போய் நின்று, கிடங்குக்குள்ளேயே மூன்று பானைத் தண்ணீர் வைக்கச் செய்தவர் நாத்தனார். கைப்பிள்ளைக்காரிகள் தூளி கட்டிக்கொள்ளப் பின்பக்கத் தாழ்வாரத்தை வாங்கிக் கொடுத்தவரும் அவர்தான். ஆனால் அவர் செய்தது நியாயம் என்று அவரே சொல்லிக்காட்டாத நாள் கிடையாது. மடியில் ஒரு பிடி கடலை முடிந்துகொண்டு போகிற வழக்கம் பாதிப் பேருக்கு இருந்தது. அதனால்தான் மேஸ்திரிக்கு நம்மைத் தடவிப் பார்க்கும் தைரியம் வருகிறது, யாரும் எடுக்கக்கூடாது என்றார். சொன்னது சரிதான். ஆனால் மூன்று குழந்தைகளை வைத்துக்கொண்டு கஷ்டப்பட்ட ஒருத்தியின் மடியை எல்லார் நடுவிலும் அவரே அவிழ்த்துக் கொட்டினார். கடலை உருண்டு ஓடியது. அவள் ஒவ்வொன்றாகப் பொறுக்கிக் குவியலில் போட்டாள். அந்த முகத்தை நான் பார்த்தேன். நாத்தனார் பார்க்கவில்லை.

எனக்கும் ஒரு மனக்குறை இருந்தது. வெளியில் சொன்னால் சிரிப்பார்கள். என்னுடைய கல்யாணப் புடவையை என்னைக் கேட்காமலே எடுத்து, கிடங்கில் வேலை செய்த ஒருத்தியின் மகள் வளைகாப்புக்குக் கொடுத்தனுப்பிவிட்டார். திரும்பி வந்தபோது அதில் மஞ்சள் கறை. "கட்டிக்கத்தானே பொடவ, பெட்டில வச்சி பூஜை பண்ணவா?" என்றார். நான் தலையாட்டினேன். கறை போகவில்லை. வாயில்லாப் பூச்சி என்று அவர் என்னைச் செல்லமாகத்தான் சொல்வார். பூச்சிக்கும் வயிறு எரியும் என்பது அவருக்குத் தெரியாது.

கிடங்கில் இரண்டு மேஸ்திரிகள். சல்லடைப் பக்கம் பெரியவர், தராசுப் பக்கம் சின்னவர். இரண்டு பேருக்கும் ஆகாது. பெரியவர் சலித்து அனுப்பிய மூட்டையைச் சின்னவர் திருப்பி அனுப்புவார், அதை நாங்கள் மறுபடியும் கொட்டிப் பொறுக்க வேண்டும். விடுதலை வந்ததற்கு அடுத்த வருஷம் அது முற்றிப்போய், ஒரு நாள் முதலாளி கிடங்கின் நடுவில் நின்று, "ரெண்டு பேர்ல ஒருத்தன்தான் இங்க இருக்கணும், எவன் போறான்னு முடிவு பண்ணுங்கலே" என்று கத்தினார். நாத்தனார் எழுந்தார். "மொதலாளி, பாதிக்கப்பட்றது நாங்க. நாங்களே சொல்றோம். சில்லு போட்டுப் பாத்துரலாம்." என்ன சில்லு என்று அவர் கேட்க, நாத்தனார் ஏதென்ஸ் வழக்கத்தை விளக்கினார். கைகால் ஆட்டி, கண்ணில் பார்த்தவர் மாதிரிச் சொன்னார். முதலாளிக்கு அது பெரிய வேடிக்கையாக இருந்தது. "சரி, வர்ற சனிக்கிழமை போடுங்க. இந்தக் கிடங்குல இருக்கிற யார் பேரு அதிகமா விழுதோ, ஆணோ பொண்ணோ, மறுநாள்லேர்ந்து வாசப்படி மிதிக்கக்கூடாது" என்றார். அந்த "ஆணோ பொண்ணோ" என்பதை அவர் சிரித்துக்கொண்டேதான் சொன்னார். நாத்தனாரும் சேர்ந்து சிரித்தார். பத்து வருஷம் என்ற பேச்சை அவர் எடுக்கவே இல்லை. மேஸ்திரியைத் துரத்துவதற்கு எதற்குத் தவணை என்று விட்டுவிட்டாரோ, மறந்துவிட்டாரோ. புத்தகம் என் மடியில் இருந்தது. எனக்கு ஞாபகம் இருந்தது.

அந்த வாரம் முழுக்க இரண்டு மேஸ்திரிகளும் ஒரே டீக்கடையில் நின்றார்கள். பத்து வருஷப் பகையாளிகள் ஒரே பீடியைப் பற்றவைத்துக்கொண்டார்கள். நாத்தனார் அதைப் பார்த்து, "பயத்துல ஒட்டிக்கினாங்க" என்று சந்தோஷப்பட்டார். அவர்கள் ஒவ்வொரு பெண்ணிடமும் என்ன பேசினார்கள் என்று எனக்குத் தெரியாது. பெரிதாக ஒன்றும் பேசியிருக்க வேண்டியதில்லை என்றுதான் இப்போது தோன்றுகிறது.

சனிக்கிழமை மத்தியானம் விரிசல் விட்ட தண்ணீர்ப் பானை ஒன்றை நாத்தனாரே உடைத்தார். நாற்பத்தொரு சில்லு. பெண்களில் எழுதத் தெரிந்தவர்கள் இரண்டே பேர், நானும் சர்ச் பள்ளியில் படித்த ஒரு பெண்ணும். என்னைக் கிழக்குப் பக்கம் மூட்டைகளுக்குப் பின்னாலும் அவளை மேற்குப் பக்கமும் உட்கார வைத்தார். ஒவ்வொருத்தியாக வந்து காதில் பெயரைச் சொல்ல வேண்டும், எழுதியதை வாங்கி முந்தானையில் மறைத்துக்கொண்டு போய்ச் சாக்குக்குள் போட வேண்டும். "எவ எந்தப் பேர சொன்னான்னு நீ செத்தாலும் வாயத் தொறக்கக்கூடாது, தெரிதா?" என்று எனக்குக் கண்டிப்பாகச் சொல்லிவிட்டு, தான் பக்கத்தில் நின்றால் தப்பு என்று வாசல் கதவுக்கு வெளியே போய் நின்றுகொண்டார். வண்டிக்காரர்களோடு அவர் கேலி பேசுவது எனக்குக் கேட்டுக்கொண்டே இருந்தது.

முதலில் வந்த இரண்டு பேர் பெரிய மேஸ்திரி பெயரைச் சொன்னார்கள். மூன்றாவதாக வந்தவள் அன்றைக்கு மடி கொட்டப்பட்டவள். "உன் நாத்தனா பேர எய்து" என்றாள். நான் நிமிர்ந்து பார்த்தேன். "இன்னா பாக்கற? எய்தறது மட்டுந்தான் உன் வேல." எழுதினேன். என் வாழ்க்கையில் அந்தப் பெயரை நான் எழுதியது அதுதான் முதல் தடவை. அடுத்து வந்தவளும் அதையே சொன்னாள். அதற்கடுத்தவள் தண்ணீர்ப் பானை வந்ததற்காக நாத்தனாருக்குத் திருஷ்டி சுற்றிப் போட்டவள். "நல்லவதான், இல்லன்னு சொல்லல. ஆனா எப்பப் பாரு அவதான் ரைட்டு, நாமெல்லாம் தப்பு. காது புளிச்சுப்போச்சு" என்றாள். பத்து சில்லு ஆவதற்குள் எனக்கு எல்லாம் புரிந்துவிட்டது. அதோடு, இதையும் எழுதத்தான் வேண்டும், எங்கேயோ அடிவயிற்றில் ஒரு சின்னக் குளிர்ச்சியும் இருந்தது. மஞ்சள் கறை என் கண்ணுக்கு முன்னால் வந்து போனது.

பாதியில் அவரே வந்தார். கையில் ஒரு தம்ளர் தண்ணீர். "கை நோவுதாடி? குடி." வாங்கிக் குடித்தேன். என் கரிபடிந்த விரல்களைப் பார்த்துச் சிரித்தார். அப்புறம் குனிந்து, குழந்தை மாதிரி ஆசையோடு கேட்டார்: "எந்தப் பக்கம் சாயுது? பெரியவனா சின்னவனா? லேசா தலைய மட்டும் ஆட்டு." அந்த நேரத்தில் நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். அவர் சாக்கைத் தூக்கிக் கடலில் எறிந்திருப்பார். பானையை உடைத்தவருக்கு அதையும் செய்யத் தெரியும். கத்திக் கூச்சல் போட்டு, முதலாளியோடு சண்டை போட்டு, எப்படியோ தன் இடத்தைக் காப்பாற்றிக்கொண்டிருப்பார். நான் தலையைக் குனிந்துகொண்டு, "சொல்லக்கூடாதுன்னு நீங்கதானக்கா சொன்னீங்க" என்றேன். அவர் என் கன்னத்தைக் கிள்ளினார். "அப்படித்தான் இருக்கணும். வாயில்லாப் பூச்சிய தம்பிக்கு சொம்மாவா தேடிப் புடிச்சேன்" என்று பெருமையோடு சொல்லிவிட்டுத் திரும்பிப் போனார். போவதற்கு முன்னால், தனக்குச் சின்ன மேஸ்திரி பெயரை எழுதி வாங்கிக்கொண்டார்.

கடைசியில் என் சில்லு ஒன்று மிச்சம் இருந்தது. அதை வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன். மேஸ்திரி பெயரை எழுதலாம், ஒரு சில்லால் ஒன்றும் மாறப் போவதில்லை. நாத்தனார் பெயரை எழுத மனம் வரவில்லை. வரவில்லை என்பதை நல்ல குணம் என்று நினைத்துக்கொண்டேன். ஒன்றும் எழுதாமல் வெறும் சில்லைக் கொண்டுபோய்ப் போட்டேன்.

முதலாளி முன்னிலையில் பெரிய மேஸ்திரி சாக்கைக் கொட்ட, கணக்குப்பிள்ளை ஒவ்வொன்றாக எடுத்துப் படித்தார். தன் பெயர் முதலில் வந்தபோது நாத்தனார், "எவடி அது?" என்று சிரித்தார். இரண்டாவது முறையும் சிரித்தார். ஐந்தாவதுக்குப் பிறகு சிரிக்கவில்லை. எட்டாவதுக்குப் பிறகு யாரையும் பார்க்கவில்லை, தரையையே பார்த்துக்கொண்டு நின்றார். நடுவில் அந்த வெறும் சில்லு வந்தது. பெரிய மேஸ்திரி அதைத் தூக்கிக் காட்டி, "இது எந்த மகராசி போட்டது? பேனாவுல மசி தீந்துபோச்சா?" என்று கேட்க எல்லாரும் சிரித்தார்கள். நாத்தனார் அப்போதுதான் தலையை நிமிர்த்தினார். நேராக என்னைப் பார்த்தார். மற்றவர்கள் எழுத்துக்கு இன்னொருத்தி கையை நம்பியவர்கள்; எழுதத் தெரிந்த இரண்டு பேரில் வெறும் சில்லைப் போடக்கூடியவள் யார் என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. இருபத்தொன்பது சில்லு அவர் பெயரில் விழுந்திருந்தது. அவரைக் குத்தியது அந்த வெறும் சில்லுதான் என்று நினைக்கிறேன். எழுதியவர்களிடமாவது கோபித்துக்கொள்ளலாம்.

"எத்தினி நாளைக்கு?" என்று யாராவது கேட்பார்கள் என்று பார்த்தேன். யாரும் கேட்கவில்லை. பத்து வருஷம், பத்தே வருஷம் என்று என் தொண்டை வரைக்கும் வந்தது. முதலாளி, "நீ சொன்ன வழக்கந்தானம்மா" என்று சொல்லிவிட்டுக் குடையை எடுத்துக்கொண்டு போனார். நாத்தனார் தன் முறத்தைத் தட்டிச் சுவரில் சாய்த்து வைத்தார். ஏதென்ஸில் சில்லு விழுந்தவனுக்கு அவமானம் கிடையாது என்று அந்தப் புத்தகத்தில் போட்டிருந்தது. ராயபுரத்தில் அப்படி இல்லை. சில்லு போட்டுத் துரத்திய பொம்பளை என்று இரண்டு மேஸ்திரிகளும் சொன்ன சொல் கிடங்கு கிடங்காகப் பரவியது. ஒரு மாதம் ஏறி இறங்கினார். ஒருவரும் சேர்த்துக்கொள்ளவில்லை. ஒரு காலையில் துணி மூட்டை கட்டி, எண்ணூர்ப் பக்கம் உப்பளத்தில் வேலை இருக்கிறது, அங்கேயே குடிசை தருகிறார்கள் என்று கிளம்பினார். வீட்டுக்காரர் வழிமறித்தும் நிற்கவில்லை. "தம்பி பொண்டாட்டி கையால சாப்ட்டுக்கினு எத்தினி நாளைக்கு குந்திக்கினு இருக்கறது?" என்றார். என்னிடம், "எண்ண டின்னு மூடி லூசு, பாத்துக்க" என்று மட்டும் சொன்னார். அன்று மாலை வீட்டுக்காரர், "நீ இன்னா எய்தின?" என்று கேட்டார். "நான் ஒண்ணும் எய்தல" என்றேன். பொய்யில்லை. அதற்கப்புறம் அவர் என்னிடம் அதைப் பற்றிக் கேட்டதேயில்லை.

சில்லு போட்டதற்கு அடுத்த திங்கட்கிழமையே சின்ன மேஸ்திரி என்னைக் கூப்பிட்டு, வாசல் ஓரத்தில் நாத்தனார் உட்காரும் இடத்தைக் காட்டி அங்கே உட்காரச் சொன்னார். கடல் காற்று நேராக வரும் இடம், தூசி அண்டாது. நான் போய் உட்கார்ந்தேன். புத்தகத்தை மறுபடி படிக்கச் சொன்னார்கள். தொண்டை சரியில்லை என்றேன். வீட்டில் தனியாக மிச்சத்தைப் படித்தேன். நாங்கள் நிறுத்திய இடத்திலிருந்து பன்னிரண்டு பக்கம் தள்ளி இருந்தது: ஏதென்ஸில் ஒருவன், பெரிய மனிதர்கள் இரண்டு பேரில் ஒருவரைத் துரத்தலாம் என்று சில்லு போடச் சொல்லி ஜனங்களைத் தூண்டினானாம். அந்த இரண்டு பேரும் ஒன்று சேர்ந்துகொண்டார்களாம். தூண்டியவனே வெளியே போனானாம். அதோடு அந்த ஊரில் அந்த வழக்கமே நின்றுபோயிற்றாம். பன்னிரண்டு பக்கம். இரண்டு நாள் வாசிப்பு.

நாலு வருஷம் கழித்துத் தேர்தல் வந்தது, நாடு முழுக்க நடந்த முதல் தேர்தல். பட்டியல் எழுத வந்தவர்களிடம் வீட்டுக்காரர் அக்கா பெயரையும் கொடுத்திருந்தார். கார்ப்பரேஷன் பள்ளிக்கூடத்தில் பெண்கள் வரிசையில் நின்றுகொண்டிருந்தேன். எனக்கு முன்னால் நாலாவது ஆளாக அவர் நின்றிருந்தார். எண்ணூரிலிருந்து காலை ரயிலில் வந்திருக்கிறார். உப்புத்தண்ணீரில் நின்று நின்று பாதம் வெடித்து, துணி சுற்றியிருந்தார். உப்பின் பளபளப்பைப் பார்த்துப் பார்த்துக் கண் சுருங்கியே கிடந்தது. கிடங்குப் பெண்கள் சிலர் அவரைப் பார்த்து ஒதுங்கி, "நீ முன்னால போ யக்கா" என்றார்கள். "வரிசைன்னா வரிசைதான்" என்று நகர மறுத்தார். நான் இடத்தை விட்டு முன்னால் போய் அவர் பக்கத்தில் நின்றேன். என் வாழ்க்கையில் நானாகப் போய்ப் பேசியது அதுதான். "அக்கா, அந்த ஊர்ல பத்து வருசந்தான். பத்து வருசம் கழிச்சு திரும்பி வரலாம்னு போட்டிருந்திச்சு. உங்களுக்கும் இன்னும் ஆறு வருசந்தான்."

அவர் திரும்பி என்னைப் பார்த்தார். கோபம் இல்லை. அதுதான் இன்னமும் என்னைத் தூங்க விடுவதில்லை. "அத்த அன்னிக்கே எனக்காவது சொல்லியிருக்கலாமேடி. யாரும் கேட்டிருக்க மாட்டாங்க, அது வேற. உப்பு வார்றப்ப மனசுக்குள்ள எண்றதுக்கு எனக்கு ஒண்ணு இருந்திருக்கும்." அப்புறம் உள்ளே போனார். விரலில் மையோடு வெளியே வந்தார். அந்தத் தேர்தலில் ஒவ்வொரு ஆளுக்கும் ஒரு பெட்டி, பெட்டியின் மேல் ஒரு படம். சீட்டை வேண்டிய பெட்டியில் போட்டால் தீர்ந்தது. "படம் போட்ட பொட்டிடி. எய்தத் தெரிஞ்சவ எவளும் வேணாம்" என்று என்னைத் தாண்டிப் போகும்போது சொன்னார். தம்பி வீட்டுக்கு வரச் சொன்னேன். ரயிலுக்கு நேரமாகிறது என்று போய்விட்டார்.

எட்டாவது வருஷம் ஏதோ காய்ச்சலில் போய்ச் சேர்ந்தார். வீட்டுக்காரர்தான் போய்க் கொண்டுவந்தார், மூலக்கொத்தளத்தில் அடக்கம். கிடங்கிலிருந்து நிறையப் பேர் வந்து அழுதார்கள். மடி கொட்டப்பட்டவள்தான் எல்லாரையும் விட அதிகமாக அழுதாள். அது நடிப்பு இல்லை. நான் அழவில்லை. நான் எண்ணிக்கொண்டிருந்தேன். மிச்சம் இரண்டு வருஷத்தையும் எண்ணினேன். தண்ணீர்ப் பானைகள் மூன்று ஒன்றாகி, அதுவும் உடைந்து, பெண்கள் மறுபடியும் தெருக்குழாய்க்கு ஓடத் தொடங்கியிருந்தார்கள். தாழ்வாரத்தில் மூட்டை அடுக்கிவிட்டார்கள். யாரும் எழுந்து கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

பத்து வருஷம் முடிந்த அன்று காலையில் போனதும் வாசல் ஓரத்து இடத்தில் உட்காரவில்லை. முறத்தை எடுத்துக்கொண்டு கடைசி வரிசைக்கு, சல்லடைத் தூசி வந்து விழும் இடத்துக்குப் போனேன். சின்ன மேஸ்திரிக்கு அப்போது தலை நரைத்துவிட்டது. "இன்னாம்மா, காத்து கசக்குதா?" என்றார். "இன்னியோட முடிஞ்சிது" என்றேன். எல்லாருக்கும் கேட்கிற மாதிரி, புத்தகம் படிக்கும்போது வருமே அந்தக் குரலில் சொன்னேன்.

"இன்னா முடிஞ்சிது?" என்றார். வேண்டுமென்றே கேட்கவில்லை. மெய்யாகவே அவருக்கு ஞாபகம் இல்லை. சுற்றியிருந்தவர்களைப் பார்த்தேன். பாதிப் பேர் புதிசு. மீதிப் பேர் முறத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒரு மணி நேரம்கூட அந்த இடம் காலியாக இருக்கவில்லை. புதிதாக வேலைக்குச் சேர்ந்த ஒரு பெண் போய் உட்கார்ந்துகொண்டாள். இங்கே நல்ல காற்று வருகிறது என்று பக்கத்தில் இருந்தவளிடம் சொன்னாள்.